ஒரு வாய் தண்ணீர்

விலையைச் சொன்னதும் அவர் தண்ணீர் குடிப்பார். கைப்பையிலிருந்து ஸ்டீல் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஒரே ஒரு வாய். அதையும் உடனே விழுங்க மாட்டார். கன்னம் லேசாக உப்பியிருக்க, எதிரில் இருப்பவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எதிராளி தவித்துப்போய் ஏதாவது சொல்லும் வரைக்கும் அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்காது.

"வாய்ல தண்ணி இருந்தா பேச முடியாதுல்லணா, அதுக்குத்தான்" என்று பிறகு ஒரு நாள் எனக்கு விளக்கினார். "நம்ம ஆளுங்களுக்கு விலை சொல்லத் தெரியும். சொல்லிட்டு சும்மா இருக்கத்தான் தெரியாது."

பொம்மனஹள்ளியில் எனக்கு ஒரு கடை. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், கிரில் கேட் வெல்டிங் செய்பவருக்கும் பழைய பேப்பர் கடைக்கும் நடுவில் ஒரு தகர ஷெட். ஆபீஸ் நாற்காலி ரிப்பேர் செய்கிறேன். ஹைட்ராலிக் போய் இறங்கிவிட்டது, சக்கரம் உடைந்தது, முதுகு வலை கிழிந்தது, எல்லாம் வரும். குஷனுக்கு ரெக்சின் தைப்பது என் மனைவி. இந்த ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற இத்தனை பேருக்கும் அடியில் ஒரு சேர் இருக்கிறது, அது என்றைக்காவது காலை வாரத்தான் போகிறது என்ற நம்பிக்கையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அவர் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுப்பவர். வெப்சைட் போட்டுத் தருவார். போனில் எப்படிப் பேசுவது, கொட்டேஷனில் என்ன எழுதுவது, பேரம் பேசுகிறவரிடம் எப்படி நிற்பது என்பதையெல்லாம் சொல்லித் தருவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கோலார் தங்கவயல்காரப் பெண்மணி. பொழுது விடியும் முன்னே அங்கே ரயில் ஏறி, கே.ஆர்.புரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேருவார். சாயங்காலம் அதே வழியில் திரும்பிப் போவார். ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளையும் கிடைக்காத நாளையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு நான் ஒரு தப்பு செய்தேன். அது பழக்கத்தில் நடந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அதில் அவர் பெயரையும் இழுத்துவிடுவது நியாயமில்லை.

முதல் நாள் அவர் கடைக்குள் வரவில்லை. எதிரே டீக்கடை நிழலில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு என் கடையையே பார்த்தபடி இருந்தார். பேங்க்கிலிருந்தோ கார்ப்பரேஷனிலிருந்தோ ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். பிறகு ரோட்டைக் கடந்து வந்தார்.

"சேர் ரிப்பேர் நீங்கதானேணா? உங்க வெப்சைட்ல இருக்கிற நம்பருக்கு அடிச்சேன். கோலார்ல தக்காளி மண்டி வச்சிருக்கிறவர் எடுக்கிறார்."

எனக்கு வெப்சைட் இருப்பதே மறந்து போயிருந்தது. எப்போதோ ஒருவன் வந்து, எல்லாரும் போடுகிறார்கள் என்று ஆசை காட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் இருந்தது என் பழைய நம்பர். கொரோனா சமயத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அது கைமாறிப் போயிருக்கிறது.

"நல்ல மனுஷன். தினம் ரெண்டு பேராவது சேர் இருக்கான்னு கேக்கறாங்களாம். முதல்ல திட்டிட்டு இருந்தாராம். இப்ப, 'இது தக்காளிம்மா'ன்னு சொல்லி வச்சிடறாராம்."

தினம் இரண்டு பேர். நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் யாரோ இரண்டு பேர் என் கடையைத் தேடிக்கொண்டு தக்காளி மண்டிக்குப் போயிருக்கிறார்கள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டினார். கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க யாருணா, உங்க பார்ட்னருங்களா?"

கேலி செய்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிக்காமல் கேலி செய்கிற ரகம் அவர்.

புது வெப்சைட் போட்டுத் தர என்ன ஆகும் என்று கேட்டேன். தொகையைச் சொன்னார். பாட்டிலை எடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். "கொஞ்சம் பாத்து..." என்று இழுத்தேன். கன்னம் உப்பியிருந்தது. "நாமெல்லாம் ஒரே பாஷைக்காரங்க" என்றேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பக்கத்தில் வெல்டிங் சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது. "சரி மேடம்" என்று நானே முடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் விழுங்கினார்.

அவர் போட்டுத் தந்தது ஒரே பக்கம். மேலே பெரிய எழுத்தில் போன் நம்பர், அதைத் தொட்டால் நேராக எனக்கு அடிக்கும். கீழே அவரே போனில் எடுத்த படங்கள். உடைந்த சேர் ஒன்று, சரிசெய்த பிறகு அதே சேர், அதே இடத்தில். ஒரு படத்தில் என் மனைவியின் கையும் வளையலும் விழுந்திருந்தன. வேறு எடுக்கலாமே என்றேன். "இருக்கட்டும்ணா. ஆளுங்க இருக்கிற கடைன்னு தெரியட்டும்" என்றார். ஷெட்டின் வாசலையும் பக்கத்து வெல்டிங் கடையையும் சேர்த்து ஒரு படம், வருகிறவர் வழி தவறாமல் இருக்க. எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியலையும் போட்டுவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விலையைப் போட்டா மடிவாளாவில சேர் ரிப்பேர் பண்றவன் பாத்துட்டு அதைவிடக் குறைச்சு சொல்லுவானே மேடம்."

"அவர் எப்பவோ யாரையாவது விட்டு உங்ககிட்ட விலை கேட்டிருப்பார்ணா. உங்க விலை தெரியாதவங்க உங்க கஸ்டமருங்க மட்டும்தான்."

அந்த வாரமே போன் அடிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவர் மாதம் ஒரு தடவையாவது வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் எதிரே டீக்கடையில் நின்று கூப்பிடுவார். எத்தனை ரிங் போகிறது, எடுத்ததும் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பார். "ஹலோ யாரு" என்று ஆரம்பித்தால் அன்றைக்குத் தொலைந்தேன். உள்ளே வந்து அதைச் சொல்லிக் குத்திக்காட்டிவிட்டு, வேலை முடிந்த சேர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்காருவார். கைப்பிடியைத் தட்டிப் பார்ப்பார், முதுகைச் சாய்த்துப் பார்ப்பார். "பத்து நிமிஷம்ணா" என்று கண்ணை மூடினால் அடுத்த நொடி தூங்கியிருப்பார். வாய் லேசாகத் திறந்திருக்கும். என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். டெஸ்டிங்குக்குத் தனி ஆள் வைத்திருப்பதாக நான் வெல்டிங்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை ஒளிக்கவும் மாட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு ரூம் எடுக்க வேண்டும்.

"போக வர அஞ்சு மணி நேரம் ரயில்லயும் பஸ்லயும் போகுதுணா. அந்த அஞ்சு மணி நேரம் எனக்குக் கிடைச்சா நான் எங்கயோ போயிடுவேன்" என்பார். பிறகு, "எங்கயும் போகமாட்டேன். தூங்குவேன்" என்று திருத்திக்கொள்வார். ரூம் எடுத்தால் முதலில் என்னிடம் ஒரு சேர்தான் வாங்கப் போவதாகவும், கட்டில் எல்லாம் அப்புறம் என்றும் சொல்வார். ஒரு கம்பெனியிலிருந்து கழித்துவிட்ட கறுப்பு வலைச் சேர் ஒன்று என்னிடம் வந்தது. தலை வைக்கும் பகுதியோடு இருந்தது. புது ஹைட்ராலிக் போட்டு, சக்கரம் ஐந்தும் மாற்றி, ஷெட்டின் மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்து வைத்தேன். இது உங்கள் ரூமுக்கு என்றேன். விலை எவ்வளவு என்று கேட்டார். ரூம் வரட்டும், சொல்கிறேன் என்றேன். அது வந்த நாளிலிருந்து அவர் வேறு சேரில் தூங்கியதில்லை.

என்னுடைய வியாதியை அவர் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவர் தூங்குகிறார் என்று நினைத்து ஒரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வந்தவர் தூக்கி வந்த சேரை இறக்கிவைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொள்ளாயிரம் ஆகும் சார்" என்றேன். அவர் நிமிரவில்லை. "எண்ணூத்தி அம்பது குடுங்க." நிமிரவில்லை. "சரி, எழுநூத்தி அம்பதுக்குப் பண்ணித் தரேன், ரெகுலரா வர்றவங்கதானே." அதுவும் பொய், அவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "சாரி, ஏனு ஹேளிதிரி?" என்றார், என்ன சொன்னேன் என்று. நான் சொன்ன எதுவுமே அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

கஸ்டமர் போன பிறகு மூலையிலிருந்து குரல் வந்தது. கண் மூடியபடியேதான் இருந்தது.

"மூணு தடவை குறைச்சீங்கணா. அவர் ஒரு வார்த்தை பேசல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாத வாடகை, கூலிக்கு இருக்கும் இரண்டு ஆட்கள், இதெல்லாம் இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று இருந்தது. வந்த கஸ்டமர் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"போகட்டும். தொள்ளாயிரம் அதிகம்னு அவர் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. உங்க வேலைக்கு அந்த விலை சரின்னு உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா அவருக்கு எப்படி வரும்?"

அன்றைக்கே எனக்குத் தண்ணீர்ப் பயிற்சி ஆரம்பமானது. என் மனைவி கஸ்டமர். நான் விலையைச் சொல்லி ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். அவள் என்ன சொன்னாலும் விழுங்கக் கூடாது, அவளாக ஒரு தொகையைச் சொல்லும் வரை. என் மனைவிக்குக் குஷி தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்ட முதல் சந்தர்ப்பம் அது என்று சொல்லிச் சிரித்தாள். நான் இரண்டு தடவை புரை ஏறி ரெக்சின் மேலெல்லாம் தெளித்தேன்.

அது வேலை செய்தது. கொரோனா முடிந்து ஆபீஸ்கள் மறுபடி திறந்த சமயம், ஒரு கம்பெனியில் இருநூற்று அறுபது சேர்களுக்கு மொத்தமாக வேலை வந்தது. வெப்சைட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். அவரும் என்னோடு வந்தார், என் ஆபீஸ் ஸ்டாஃப் என்று சொல்லிக்கொண்டு. ஏ.சி. ரூம், கண்ணாடி மேஜை, எதிரே கன்னடக்கார மேனேஜர். சேர் ஒன்றுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே எனக்கு எழுநூறு என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பாட்டிலைத் தூக்கினேன்.

"ஸ்வல்ப கம்மி மாடி" என்றார் மேனேஜர், கொஞ்சம் குறைக்கச் சொல்லி. நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். பேப்பரைப் புரட்டினார். வேறு இரண்டு கொட்டேஷன் இருக்கிறது என்றார். என் கண்ணில் நீர் முட்டியது, அவர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ. பக்கத்தில் இவர் அசையவில்லை. கடைசியில் மேனேஜர், "சக்கரவும் சேர்ந்துதானே?" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். "ஆயித்து" என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தத் தண்ணீர் லிஃப்ட்டுக்குள் போய்த்தான் இறங்கியது.

அந்த ஒரு வேலையில் நான் தலைநிமிர்ந்தேன். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் தண்ணீர் எல்லாரிடமும் செல்லாது என்பதையும் அவரே சொல்லியிருந்தார். ஒரு தடவை கே.ஆர்.புரத்தில் மழைக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரரிடம் விலை சொல்லிவிட்டு வாயில் தண்ணீரோடு நின்றாராம். ஆட்டோக்காரரும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இவர் முழுக்க நனைந்து எங்கள் கடைக்கு வந்து, என் மனைவி கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு நான் வேணாம்ணா. எனக்குத்தான் அவர் வேணும். யாருக்கு அவசரமோ அவங்கதான் முதல்ல வாயைத் திறப்பாங்க. தண்ணியெல்லாம் அதுக்கு மேலதான்."

அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

போன வருஷத்துக்கு முந்திய கோடை. எனக்கு வேலை குறைந்துவிட்டிருந்தது. பெரிய கம்பெனிகள் சேர்களைச் சொந்தமாக வைத்துக்கொள்வதை விட்டு, வாடகைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தன. உடைந்தால் வாடகைக்கு விட்டவரே மாற்றிவிடுவார். இரண்டு ஆட்களில் ஒருவரை நிறுத்தியிருந்தேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருந்த காலம் அது.

அப்படி ஒரு மத்தியானம் அவர் வந்தார். டீக்கடையில் நின்று போன் செய்யவில்லை. நேராக உள்ளே வந்தார். கறுப்புச் சேர் பக்கம் போகவில்லை, என் மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் ரயிலில் நின்றுகொண்டே வந்தது தெரிந்தது. முகத்தில் கழுவிய ஈரம் இருந்தும் தூக்கம் போகவில்லை.

"ஒரு விஷயம் பேசணும்ணா. பிசினஸ் விஷயம்."

பக்கத்தில் ஹொங்கசந்திராவில் ஒரு ரூம் பார்த்திருப்பதாகச் சொன்னார். மாடியில் தனி ரூம், தண்ணீர் வருகிறது, வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. ஒவ்வொரு கடையிலும் ஒரு தடவை வெப்சைட் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவதை விட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று பத்துக் கடை பிடித்துவிட்டால் ரூமுக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டிருந்தார். படங்கள், கொட்டேஷன், வெப்சைட், வருகிற போன், எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். மாதம் இரண்டு முறை நேரில் வருவார்.

"பத்துக் கடையில முதல்ல உங்ககிட்ட வந்திருக்கேன். இங்க என்ன ஆகுதோ அதை வச்சுத்தான் மத்த இடத்துல சொல்லணும்" என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்ணா" என்றார்.

என் கை பாட்டிலுக்குப் போனது. சத்தியமாகப் பழக்கம்தான். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் விலை என்று ஒன்று காதில் விழுந்தாலே, நான் சொன்னாலும் சரி, அடுத்தவர் சொன்னாலும் சரி, கை தானாக அங்கே போய்விடும். காய்கறி வண்டிக்காரரிடம்கூட. ஒரு வாய் எடுத்துக்கொண்டேன்.

அவர் அதைப் பார்த்தார். அவர் கையும் கைப்பைக்குள் போனது. பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். காலி. ரயிலிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு மூடித் திரும்பப் பைக்குள் வைத்தார். எதிரே தாகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க என்னால் முடியவில்லை. வாய் நிறைய தண்ணீர் இருந்தது.

மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சுன்னாலும் பரவால்லணா" என்றார்.

நான் அவர் சுடிதார் கழுத்துப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கும் இப்ப டல்லுதான், தெரியும். பன்னெண்டு போட்டுக்கலாம். மாசம் ஆயிரம்தானே ஆச்சு."

விழுங்கினேன். "சரி மேடம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நல்லா கத்துக்கிட்டீங்கணா" என்று சிரித்துவிட்டு எழுந்தார். என் மனைவி ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"பதினெட்டே குடுத்திருக்கலாம். அவங்க வந்தப்புறம்தானே நமக்கு போனே அடிச்சுது."

"நான் ஒண்ணும் பேசலையே."

"அதைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. வெல்டிங்காரரிடம், பதினெட்டு சொன்னாங்க, பன்னிரண்டுக்கு முடிச்சேன் என்று பெருமைக்குச் சொல்லி வைத்தேன். பத்துக் கடையில் அடுத்தது அவர் கடைதான். மேடம் அவரிடம் போனபோது, சேர்க்காரருக்குப் பன்னிரண்டு என்றால் எனக்குப் பத்து என்று நின்றிருக்கிறார். பேப்பர் கடைக்காரர் எட்டில் ஆரம்பித்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு ஒரு விலை வந்துவிட்டது, அதை வைத்தது நான்.

மூன்று மாதம் சொன்னபடி வந்தார், மாதம் இரண்டு தடவை, தங்கவயலிலிருந்துதான். டீக்கடையில் நின்று போன் செய்தார், ரிங் எண்ணினார், படம் எடுத்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ரூமைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட கறுப்புச் சேரில் உட்காரவில்லை. ஒரு நாள் ஸ்டூலிலேயே சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். எழுப்பி அந்தச் சேரில் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது மாதம் அவர் வரவில்லை. நானே கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

"சொல்லுங்கணா. நானே பேசணும்னு இருந்தேன். இங்கயே ஊர்ல ஒரு ஜவுளிக் கடையில சேந்துட்டேன், பில் போடற வேலை. உங்க வெப்சைட் பாஸ்வேர்டு எல்லாம் எழுதி உங்க வீட்டு அக்கா நம்பருக்கு அனுப்பறேன். யாரைக் கேட்டாலும் பாத்துக் குடுப்பாங்க."

"பதினெட்டே தரேன் மேடம்" என்றேன். "வெல்டிங்காரர்கிட்டயும் நான் பேசறேன். ரூம் இன்னும் இருக்கான்னு கேளுங்க. நீங்க வாங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. காத்திருந்தேன். வாயில் தண்ணீர் வைத்திருக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பின்னால் யாரோ புடவை நிறம் கேட்கும் குரல் லேசாகக் கேட்டது.

"வேணாம்ணா" என்றார். "ரயில் ஏறாம ரெண்டு வாரம் தூங்கிட்டேன். இனிமே எந்திரிக்க முடியாது." கொஞ்சம் விட்டு, "அந்த கறுப்பு சேரை வித்துடுங்க. எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். தொள்ளாயிரத்துக்குக் குடுத்துடாதீங்க, நாலாயிரம் போகும்."

விற்கவில்லை. விற்காமல் வைத்திருப்பதில் பெரிய மனசு ஒன்றும் இல்லை. யாராவது அதைப் பார்த்து விலை கேட்டால் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஷெட்டின் மூலையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. வெப்சைட்டும் அவர் போட்டபடியே இருக்கிறது, என் மனைவியின் வளையலோடு. போன் அடித்தால் மூன்றாவது ரிங்குக்குள் எடுத்து, "வணக்கம், சேர் ரிப்பேர், சொல்லுங்க" என்கிறேன். எடுக்கும்போதெல்லாம் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

பழக்கத்தில் நடந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். பதினெட்டு என்று அவர் சொன்னபோது பாட்டிலை எடுத்தது பழக்கம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு வாய் தண்ணீரை விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்? பதினைந்து என்று அவர் சொன்னபோதே விழுங்கியிருக்கலாம். வாய்க்குள் அது சூடாகக்கூட ஆகிவிட்டிருந்தது. நான் பன்னிரண்டு வருகிறதா என்று பார்த்தேன்.